பீரோவில் அந்துருண்டை இருந்தால் முதலில் அதை எடுங்கள்

கேள்வி: எனக்கு 27 வயது. முதல் பிரசவம், இப்போது எட்டாம் மாதம். மே முதல் வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். வளைகாப்பு முடிந்ததும் ஈரோட்டிலிருந்து கோபிசெட்டிபாளையத்தில் உள்ள அம்மா வீட்டுக்குப் போகிறேன். மாடி வீடு, ஒரே படுக்கையறை. ஏசி இல்லை, ஏர் கூலர்தான். அந்த அறைக்குப் பெயிண்ட் அடிக்க அம்மா ஆள் பேசிவிட்டார். நான் குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகள், தாத்தாவின் பழைய வேட்டிகள், நூல் சேலைகள் எல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. என் மாமியார் தூளிதான் கட்ட வேண்டும் என்கிறார், கணவர் மரத்தொட்டில் வாங்கலாம் என்கிறார். இணையத்தில் பார்த்த பட்டியலில் அறுபது பொருட்கள் இருக்கின்றன. நாங்கள் ஒதுக்கியிருப்பது 15,000 ரூபாய். அக்காவின் ஐந்து வயது மகனும் விடுமுறைக்கு அங்கேதான் இருப்பான். எதை வாங்குவது, எதை விடுவது?
– வாசகி, ஈரோடு

பதில்: குழந்தை நல மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

அறுபதில் பத்துப் பன்னிரண்டு பொருட்கள் போதும். அதற்குப் பிறகு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, ‘பீரோவில் பத்திரமாக இருக்கின்றன’ என்பதுதான். அந்தப் பீரோவில் அந்துருண்டை போட்டிருக்கிறார்களா என்று இன்றைக்கே அம்மாவிடம் கேளுங்கள். பாச்சை உருண்டை என்று சொல்வதும் அதையேதான்.

பல உருண்டைகள் நாப்தலீனால் ஆனவை. அது உருகாமலே காற்றில் ஆவியாகி, துணியின் இழைகளில் போய் ஏறிக்கொள்ளும். பெரியவர்களுக்கு வெறும் வாசனை. ஆனால் ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கு அதுவே ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அணுக்கள் உடைந்தால் மஞ்சள் காமாலை மளமளவென்று ஏறும். அளவு மீறி ஏறினால் மூளையையும் காதையும் நிரந்தரமாகப் பாதிக்கும். இந்தக் குறை தாய் வழியாக வருவது, பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்குவது. தாய்க்கு எந்தத் தொந்தரவும் இருக்காது என்பதால் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. நாப்தலீன் எண்ணெயில் நன்றாகக் கரையும். எண்ணெய் தேய்த்த உடம்பில் அந்தத் துணியைச் சுற்றினால் தோல் வழியாக இன்னும் அதிகமாக உள்ளே போகும். ஆசையோடு எடுத்து வைத்த பாட்டி சேலை இப்படி ஆகக் கூடாது.

எனவே பீரோவை இப்போதே காலி செய்யுங்கள். உருண்டைகளைப் பொட்டலமாகக் கட்டி வீட்டை விட்டு வெளியே எறியுங்கள். அக்கா மகன் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. குளியலறைத் தொட்டியிலும் வாஷ்பேசினிலும் போடும் வெள்ளை உருண்டைகளும் போகட்டும். பீரோக் கதவைத் திறந்து வைத்துச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஒரு வாரம் காற்றாட விடுங்கள். அந்துருண்டையோடு வருடக்கணக்கில் கிடந்த துணியைப் பிறந்த குழந்தைக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. ஒரு முறை துவைத்தால் போய்விடாது. நினைவுக்காக ஒரு சட்டையாவது போட ஆசை என்றால், வெந்நீரில் பலமுறை துவைத்து நாள்கணக்கில் வெயிலில் உலர்த்துங்கள். வாசனை துளியும் இல்லை என்றான பிறகு, குழந்தைக்கு மூன்று நான்கு மாதம் ஆனதும், ஒரு புகைப்படத்துக்குப் போட்டுக் கழற்றிவிடுங்கள். பூச்சிக்கு மாற்றாகக் கற்பூரத்தை வைத்துவிடாதீர்கள், அதுவும் கைக்குழந்தைக்கு ஆகாதது. நிழலில் உலர்த்திய வேப்பிலையைத் துணிப்பையில் கட்டிப் போட்டால் போதும்.

அடுத்தது பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்தது, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த பெயிண்டில், குறிப்பாகக் கதவு, ஜன்னல், கம்பிகளுக்கு அடிக்கும் எனாமலில், ஈயம் நிறைய இருந்திருக்கலாம். அது சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை பெரிய கேடில்லை. பெயிண்டர் வந்து உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்கும்போதுதான் ஈயத்தூள் அறை முழுக்கப் பரவி, தரை இடுக்கிலும் மெத்தையிலும் தங்கும். நீங்கள் மூச்சில் இழுத்தால் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். ஐந்து வயதுப் பையன் தரையில் விளையாடி, கையை வாயில் வைப்பான்.

அதனால் அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பேசிய ஆள் வரட்டும், ஆனால் அறையை விட்டுவிட்டு மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கட்டும். மே மாதம் கோபியில் கத்திரி வெயில். தளத்தில் பகலெல்லாம் ஏறிய சூடு இரவு பத்துப் பதினொரு மணி வரை உங்கள் தலைமேல் இறங்கிக்கொண்டிருக்கும். தளம் வெள்ளையாக இருந்தால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். அதற்கு மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, காற்றில் பறக்காமல் கல் வைத்துவிட்டால் அறை வாழத்தக்கதாகிவிடும். சுவர் பொரிந்து உதிர்கிறது, அடித்தே ஆக வேண்டும் என்றால், ஈரத் துணியால் நனைத்துச் சுரண்டி, தண்ணீரில் கரைக்கும் பெயிண்டை அடித்து, நீங்கள் போய்ச் சேர்வதற்கு ஒரு மாதம் முன்பாவது முடித்துவிட வேண்டும். கதவு, ஜன்னலைத் தொடவே வேண்டாம். கடைசியில் தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல், இரண்டு மூன்று முறை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கூலர் நல்லதுதான். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறை நீராவிக் குளியலாகிவிடும். காற்று குழந்தை முகத்தில் நேராக அடிக்காமல் எதிர்ச் சுவரைப் பார்க்கத் திருப்புங்கள். கூலர் தொட்டிதான் டெங்கு கொசு தேடி வரும் இடம். அதன் முட்டைகள் தொட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறையாவது தண்ணீரைக் கொட்டி, உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துப் பிறகு நிரப்புங்கள். அந்தக் கொசு பகலில் கடிப்பது. ஆகவே குழந்தைக்குக் குடை மாதிரி விரியும் கொசுவலையைப் பகல் தூக்கத்துக்கும் போட வேண்டும். கொசுவத்திச் சுருள் அந்த அறைக்குள் வரவே கூடாது. சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். குளித்த குழந்தைக்கு ஈரம் போகத் துவட்டினால் போதும், புகை காட்டுவது மூச்சுக்குழலைக் கெடுக்கும். அம்மாவுக்கு மனம் கேட்காவிட்டால், குழந்தையும் நீங்களும் இல்லாத நேரம் சாமி அறையில் காட்டட்டும்.

படுக்கைக்கு வருவோம். உங்கள் மாமியாரும் கணவரும் சொல்வது இரண்டுக்கும் இடம் இருக்கிறது, ஆனால் நாளும் நேரமும் வேறு.

இரவில் குழந்தை உங்கள் கை எட்டும் தூரத்தில், தனி விரிப்பில், மல்லாக்கப் படுக்க வேண்டும். மெத்தை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை நமக்குச் சுகம், குழந்தைக்கு ஆகாது. முகம் அதில் புதைந்தால் திருப்பிக்கொள்ளும் வலு அதற்கு இல்லை. உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள், பள்ளம் அப்படியே நின்றால் அந்த மெத்தை வேண்டாம். மெத்தைக் கடையில் இரண்டடிக்கு மூன்றடி, இரண்டு அங்குல உயரத்தில் தேங்காய் நார் மெத்தை கேட்டால் வெட்டித் தருவார்கள். துணிக்கடைகளில் விற்கும் குழந்தைப் படுக்கை செட்டை யாராவது பரிசளிப்பார்கள். அதில் வலையை மட்டும் வைத்துக்கொண்டு, தலையணையையும் இரண்டு பக்கத் திண்டுகளையும் எடுத்துவிடுங்கள். மூச்சை அடைப்பவை அவைதான். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை தைத்துத் தருவார்கள், அதுவும் தேவையில்லை. ஒரு வேளை தலையை வலப்பக்கமும் மறு வேளை இடப்பக்கமும் திருப்பிப் படுக்க வைத்தால் தட்டையாகாது.

சுகப்பிரசவம் என்றால் நீங்களும் தரையில் பாய், மெத்தை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். குழந்தை விழும் பயமே கிடையாது. சிசேரியன் என்றால் முதல் இரண்டு வாரம் தரையிலிருந்து எழுவது தையலை இழுக்கும், கட்டில் வேண்டும். அப்போதுதான் கணவர் சொல்லும் மரத்தொட்டில் பயன்படும். ஆடாமல் பூட்டி, கட்டிலை ஒட்டி நிறுத்திக்கொள்ளலாம். கம்பிகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் போட்டுச் சுவர்ப் பக்கம் குழந்தையைப் படுக்க வைப்பார்கள். அந்த இடுக்கில் குழந்தை சிக்கிக்கொள்ளும், செய்யாதீர்கள். ஆக, பிரசவம் எப்படி என்று தெரியும் வரை தொட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். கடையை மட்டும் பார்த்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.

தூளியை முதல் ஒரு மாதத்துக்குப் பிறகு, பகலில், பெரியவர் ஒருவர் கண்முன்னே இருக்கும்போது கட்டலாம். இரண்டரை கிலோவுக்குக் குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்தால் இன்னும் தள்ளிப்போட வேண்டும். காரணம், தூளியில் உடம்பு வில்லாக வளைந்து, தாடை நெஞ்சில் போய் முட்டும். பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழல் மெல்லியது, அந்த மடிப்பில் அடைபடும். படுக்க வைத்ததும் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் எடுத்துவிடுங்கள். நூல் சேலைதான் வேண்டும், பட்டும் பாலியெஸ்டரும் முடிச்சு வழுக்கும். மேலே வாய் மூடிக்கொள்ளாமல் விரித்துப் பிடிக்கக் குறுக்குக் கட்டை அவசியம். தூளியின் அடி தரையிலிருந்து ஒன்று, ஒன்றேகால் அடிக்கு மேல் போகக் கூடாது, கீழே ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போடுங்கள்.

கொக்கியை யாரும் சோதிப்பதில்லை. குழந்தை மூன்று கிலோதானே என்பார்கள். ஆட்டும்போது விழும் இழுப்பு வேறு, பெரியவர் கையூன்றுவது வேறு, ஐந்து வயதுப் பையன் தொங்கிப் பார்ப்பது வேறு. துருப்பிடித்திருக்கிறதா, தளத்தோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஏணி வைத்துப் பாருங்கள். பிறகு 25 கிலோ அரிசி மூட்டையைத் தூளியில் வைத்துப் பத்து நிமிடம் ஆட்டுங்கள். சிமெண்ட் உதிர்ந்தாலோ சத்தம் வந்தாலோ அந்தக் கொக்கி வேண்டாம். ஃபேன் கொக்கியிலும் ஜன்னல் கம்பியிலும் கட்டக் கூடாது. ஸ்பிரிங் போடுவதானால் அதன் வளையங்களுக்கு நடுவே ஒரு தடித்த கயிற்றைத் தளர்வாக ஓடவிட்டு இரு முனையையும் கட்டுங்கள். ஸ்பிரிங் அறுந்தால் கயிறு தாங்கும். குழந்தை புரளத் தொடங்கும் நாளோடு தூளியை அவிழ்த்துவிட வேண்டும். பையனிடம் ஆட்டும் வேலையைத் தராதீர்கள், வலையை மூடும் வேலையைக் கொடுங்கள். வெளியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் பாப்பாவைத் தொடலாம் என்பது அவனுக்கு மட்டுமல்லாமல், பார்க்க வரும் எல்லாருக்கும் சட்டம். சளி, இருமல் உள்ளவர் வாசலிலேயே வாழ்த்திவிட்டுப் போகட்டும்.

துணிகள். சிறுநீர்த் துணி 24 வேண்டும். அந்துருண்டை படாத, பலமுறை துவைத்து மெதுவான நான்கு முழ வேட்டி ஒன்றில் இரண்டடிச் சதுரமாக ஆறு துண்டு கிடைக்கும், நான்கு வேட்டியில் கணக்கு முடிந்தது. சொந்தக்காரர் வீடுகளில் கேட்டால் கொடுப்பார்கள். கரையை வெட்டி எறிந்துவிடுங்கள், ஜரிகை கீறும். விளிம்பை மடித்து அடித்துவிட வேண்டும். பிரிந்த நூல் ஒன்று கால் விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். காரணம் தெரியாமல் வீறிட்டு அழும் குழந்தையின் பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான். பிரசவத்துக்குப் பின் உதிரும் உங்கள் தலைமுடியும் இதையே செய்யும். கையுறை, காலுறை வாங்க வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம், நகத்தை வெட்டிவிட்டால் போதும். முன்பக்கம் முடிச்சுப் போடும் ஜப்லா எட்டு, மெல்லிய பருத்திப் போர்வை ஐந்து, பஞ்சுபோன்ற துண்டு இரண்டு, தொப்பி இரண்டு. புதுத்துணியைக்கூட ஒருமுறை துவைத்தே போட வேண்டும், கஞ்சியும் சாயமும் இருக்கும். கடைசி அலசில் கிருமிநாசினி ஊற்றுவது தோலைப் புண்ணாக்கும். வெயில் போதும்.

பால் புட்டி, அதைக் கொதிக்க வைக்கும் மின்சாதனம், பால் பவுடர், முகப் பவுடர், கண் மை, கிரைப் வாட்டர் இந்த ஆறும் பட்டியலிலிருந்து போகட்டும். பாலாடை என்கிற, சங்கு போன்ற புகட்டும் கிண்ணம் ஒன்று வாங்கி வையுங்கள். ஏதாவது காரணத்தால் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டி வந்தால் உதவும், பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் சுத்தம். டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். அது இல்லாத வீட்டில் ஒவ்வொருவர் உள்ளங்கையும் ஒவ்வொரு காய்ச்சல் சொல்லும்.

மே மாதக் குழந்தைக்கு ஜப்லாவும் சிறுநீர்த் துணியும், மேலே ஒரு மெல்லிய போர்வையும் போதும். ‘குளிர் தாக்கும்’ என்று கம்பளியில் சுற்றிவிட்டால் உடம்பு சுட ஆரம்பிக்கும். சூடு பார்க்கும் இடம் பிடரியும் நெஞ்சும்தான். கை கால் சற்றுக் குளிர்ந்திருப்பது இயல்பு. அக்குளில் 36.5-இலிருந்து 37.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. 37.5-ஐத் தாண்டினால் போர்வையைக் களைந்து, பால் கொடுத்து, அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். இறங்காவிட்டால் மருத்துவமனைதான். இரண்டு மாதத்துக்குள் வரும் காய்ச்சலுக்கு வீட்டில் சொட்டு மருந்து கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. தாகம் எடுக்கும் என்று ஒரு பாலாடை தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீரே. தேனும் சர்க்கரைத் தண்ணீரும் நாக்கில் தொட்டு வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, ஒரு வயதுக்குள் குடலில் முளைத்துக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். பிறந்ததும் நாக்கில் வைக்கும் சேனைக்குப் பதிலாக, முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கும் சீம்பாலே சேனை. முதல் நாள் ஒரு வேளைக்கு ஓரிரு தேக்கரண்டிதான் குழந்தைக்குத் தேவை. ‘பால் ஊறவில்லை’ என்று யார் சொன்னாலும் கலங்காதீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு துணிக்குக் குறையாமல் நனைந்தால் பால் போதுகிறது.

உங்களுக்கும் ஓர் இடம் தயாராக வேண்டும், அதைத்தான் எல்லாப் பட்டியலும் மறந்துவிடுகிறது. படுக்கையருகே மூடியுள்ள சொம்பு நிறையத் தண்ணீர், முதுகுக்குச் சாய்மானம், மங்கலான விளக்கு, சார்ஜ் போட்ட டார்ச், துணி போட மூடி வைத்த வாளி. கழிவறை இந்திய முறை என்றால் மேலே வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்குங்கள். மிச்சப் பணத்தில் முதல் செலவு அதுவாகட்டும். தண்ணீர் குடித்தால் வயிறு போடும், புண் ஆறாது என்பார்கள். இரண்டும் உண்மையில்லை. கத்திரி வெயிலில், பால் கொடுக்கிற தாய் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்காவிட்டால் மயக்கமும் மலச்சிக்கலும் சிறுநீர்க் கடுப்பும்தான் வரும். பத்தியச் சமையலில் பூண்டு, சுறாப்புட்டு, கருவாட்டுக் குழம்பு எது வேண்டுமானாலும் இருக்கட்டும், காயும் கீரையும் பருப்பும் குறையக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் தொடருங்கள்.

குளிப்பாட்டுவதில் அம்மாவின் கை அனுபவத்தை நான் மதிக்கிறேன். காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டுவது நல்ல முறை, பிடி வழுக்காது. மெதுவாகத் தேங்காய் எண்ணெய் தேய்க்கட்டும். தண்ணீர் கலக்கும்போது எப்போதும் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். முதல் குளியல் பிறந்து 24 மணி நேரம் கழித்து. விட வேண்டியவை சில: மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றுவது, மூக்கில் ஊதுவது, தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கி நிமோனியாவாகும். ஆண், பெண் எந்தக் குழந்தைக்கும் முதல் வாரத்தில் மார்பு வீங்கி, பால்போல் கசியலாம். உங்கள் ஹார்மோன் அதன் உடம்பில் இருப்பதால் வருவது அது, தானே வற்றும். பிதுக்கினால் சீழ்க்கட்டியாகும். தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம், காய்ந்து தானே விழும். வசம்பை உரசி வாயில் வைக்கக் கூடாது. கண் படக் கூடாது என்று பொட்டு வைக்க ஆசைப்பட்டால் உள்ளங்காலில் வைக்கட்டும். இவற்றை நீங்கள் சொன்னால் ‘நேற்றுப் பிறந்தவள்’ என்று மனம் நோகலாம். அடுத்த பரிசோதனைக்கு அம்மாவையும் அழைத்துப் போய், செவிலியரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

காகிதங்களை இப்போதே ஒரே உறையில் போடுங்கள்: தாய் சேய் நல அட்டை, அதிலுள்ள ஆர்சிஹெச் எண் (கர்ப்பப் பதிவு எண், பிறப்புப் பதிவுக்குக் கேட்பார்கள்), ஆதார், ஸ்கேன், ரத்த வகை. உங்களுக்கு நெகட்டிவ் ரத்தம், குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும், அதைக் கேட்டு வாங்க வேண்டியவர் உங்கள் கணவர். குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி (கிருமியால் வரும் மஞ்சள் காமாலை) தடுப்பூசி. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம், ஜாதகம் பார்க்க அவசரப்பட வேண்டியதில்லை.

இறுதியாக, ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்: பால் குடிக்க மறுப்பது, தூண்டினாலும் அசைவு குறைவது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கையில் நெஞ்சுக்கூடு உள்வாங்குவது, வலிப்பு, 37.5-க்கு மேல் இறங்காத சூடு, போர்த்தி அணைத்தும் 36.5-க்குக் கீழேயே நிற்கும் குளிர்ச்சி, தொப்புளில் சீழ், முதல் நாளிலேயே மஞ்சள், எந்த நாளிலும் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கிய மஞ்சள். இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் போய்விடும் என்றும் இருக்க வேண்டாம். தாளின் அடியில் 108-ஐயும், நள்ளிரவில் கூப்பிட்டால் வரச் சம்மதித்த ஓர் ஆட்டோக்காரர் எண்ணையும் எழுதுங்கள். அந்த ஆட்டோக்காரரிடம் இந்த வாரமே போய்ப் பேசிவிடுங்கள்.